சத்தம் போடும் ஃபிரிட்ஜ்: மெக்கானிக்கை அழைக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று சொன்னதும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் பதில், "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பது. அடுத்த பதில், "கம்ப்ரசர் போச்சு." இரண்டுமே நல்ல செலவு வைக்கும் பதில்கள், பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே தவறு. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. இறுக மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். அப்படிக் குறைந்தாலும் முதலில் தெரிவது குளிர்ச்சிக் குறைவுதான். ஐஸ் ஒழுங்காகக் கட்டுகிறது, பால் கெடாமல் இருக்கிறது, சத்தம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது என்றால், கோளாறு அநேகமாக அந்தக் குழாய்களுக்கு வெளியே இருக்கிறது. தரை, ஸ்டாண்டு, பின்பக்கத் தூசி, தளர்ந்த திருகு, ஃபேனில் உரசும் ஐஸ் என்று பல காரணங்கள் இருக்கலாம். இவற்றை நீங்களே கண்டுபிடிக்கலாம். பலவற்றை நீங்களே சரிசெய்யவும் முடியும்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள். சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு அரைமணி நேரமாவது விடுங்கள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் மேல்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுடும். அதிலிருந்து கிளம்பும் செம்புக்குழாய் அதைவிடச் சுடும்.

கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயும், அது அதிகம் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடும் அதற்குள் இருக்கின்றன. பல மாடல்களில் பக்கத்திலேயே ஒரு கெபாசிட்டரும் இருக்கும். கெபாசிட்டரில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஆகவே அந்த மூடியைத் திறக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எந்த வேலைக்கும் அதைத் திறக்கத் தேவையில்லை.

ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஃபிரிட்ஜின் பின்பக்கம் போக வேண்டாம். கதவைத் தொட்டாலே விரலில் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

முதலில் காது, பிறகு கை

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் இரவு, மற்ற எல்லாம் அடங்கிய பிறகு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கம்ப்ரசர் ஒருமுறை ஓடி நின்று மறுபடி ஓடும்வரை கேளுங்கள். ஓடும்போது மட்டும் வருகிறதா? ஓட ஆரம்பிக்கும் நொடியிலும் நிற்கும் நொடியிலும் மட்டுமா? நின்ற பிறகும் தொடர்கிறதா? கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் டைரக்ட் கூல்: ஃப்ரீசரில் ஐஸ் படியும், பட்டனை அழுத்தி உருக்குவோம். இதில் ஃபேன் கிடையாது. எனவே இதில் ஓடும் பாகம் கம்ப்ரசர் ஒன்றுதான். இரட்டைக் கதவு மாடல்கள் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. இவற்றில் ஃப்ரீசரின் உள்சுவருக்குப் பின்னால் ஒரு ஃபேன் சுழல்கிறது. சில பெரிய மாடல்களில் கம்ப்ரசர் பக்கத்தில் இன்னொரு ஃபேனும் உண்டு. சத்தத்துக்கான காரணங்களும் அதற்கேற்பக் கூடும்.

மூன்றாவதாக, இன்வெர்ட்டர் கம்ப்ரசர். பழைய கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும்; நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று. ஓடும், நிற்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும். அதனால் அதன் ரீங்காரம் ஒரு நேரம் மெல்லியதாகவும் ஒரு நேரம் கனமாகவும் கேட்கும், நாள் முழுக்க ஓடுவதுபோலவும் இருக்கும். பழைய ஃபிரிட்ஜை மாற்றிவிட்டு இதை வாங்கியவர்கள் "நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று பயந்து சர்வீஸுக்குப் புகார் கொடுக்கிறார்கள். அது கோளாறு இல்லை.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

தண்ணீர் ஓடுவதுபோலக் களகளவென்று ஒரு சத்தம் வரும். திரவமாக இருக்கும் கேஸ் உள்ளே கொதித்து ஆவியாகிக் குளிரை உண்டாக்கும் சத்தம் அது. கம்ப்ரசர் நின்ற பிறகும் இரண்டொரு நிமிடம் கேட்கும். இருபக்க அழுத்தமும் சமமாகும்வரை கேஸ் நகர்ந்துகொண்டிருக்கும்.

நள்ளிரவில் 'படக்' என்று விரல் சொடுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டால் அது பிளாஸ்டிக் சுவர் குளிரில் சுருங்கி, சூட்டில் விரிவது. கதவைத் திறந்து மூடிய பிறகு அதிகம் வரும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பல மணி நேரத்துக்கு ஒருமுறை, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல 'சொய்' என்று கேட்கும். உள்ளே படிந்த பனியை உருக்க ஹீட்டர் எரிகிறது, உருகிய சொட்டு அதன்மேல் விழுகிறது. இது கேட்டால், பனி உருக்கும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிம்மதி அடையலாம்.

கம்ப்ரசர் நிற்கும் நொடியில் ஒரே ஒரு 'டொக்' வருவதும் இயல்பு. கம்ப்ரசரின் இரும்பு ஓட்டுக்குள் மோட்டார் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிற்கும்போது ஒருமுறை ஆடி அடங்கும்.

தரை, ஸ்டாண்டு, மேலே வைத்த சாமான்

ஓடும்போது மட்டும் கடகடவென்று ஆடும் சத்தம் வந்தால், கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிரிட்ஜின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒவ்வொரு பக்கமாக அழுத்துங்கள். அழுத்தினால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் ஃபிரிட்ஜ் சமமாக நிற்கவில்லை. நான்கு காலில் ஒரு கால் தரையைத் தொடாமல் இருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு முதல் காரணம், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு. வீடு கழுவும்போது அடியில் தண்ணீர் போகாமல் இருக்கவும், நகர்த்திப் பெருக்கவும் வாங்கிப் போடுகிறோம். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு சக்கரம் தேய்ந்து, பிளாஸ்டிக் கை லேசாக வளைந்து, முழு ஃபிரிட்ஜும் ஊஞ்சலில் நிற்கும் நிலைக்கு வந்துவிடும். என் கருத்து, தண்ணீர் தேங்காத தரை என்றால் இந்த ஸ்டாண்டே வேண்டாம். ஃபிரிட்ஜை அதன் சொந்தக் காலில் தரையில் நிறுத்துங்கள். ஸ்டாண்டு தேவைப்படும் வீடுகளில், சக்கரம் இல்லாத, திருகி உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய காலுள்ள இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜின் முன்பக்கக் கால்கள் இரண்டும் திருகக்கூடியவை. ஒருவர் ஃபிரிட்ஜை மேலே பிடித்து லேசாகப் பின்னுக்குச் சாய்த்தால் இன்னொருவர் கையாலேயே திருகலாம். கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் மேலே வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு தட்டையான எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தாலே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இடம் வலம் சரியான மட்டம் வேண்டும். முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிட ஒரு நூல் உயர்ந்திருக்கட்டும். அப்போதுதான் கதவு தானாகப் போய் மூடிக்கொள்ளும்.

அட்டை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைப்பது பலரும் செய்வது. மாப் போடும் தண்ணீரில் அட்டை ஊறிப் பத்து நாளில் நசுங்கிவிடும். கெட்டியான ரப்பர் துண்டு வையுங்கள். நான்கு காலுக்கும் ஒரே கனத்தில் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்குவதும் குறையும். மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கீழ்வீட்டுக்காரர் படுக்கையறைக் கூரையில் அந்த உறுமல் கேட்கும்.

பிறகு மேலே பாருங்கள். ஸ்டெபிலைசர், மருந்து டப்பா, சாவிக்கொத்து, பூ ஜாடி, தினக் காலண்டர், போன வருஷ முறுக்கு டின் என்று ஃபிரிட்ஜின் தலைமேல் ஒரு சின்னப் பரணே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கேளுங்கள். உள்ளேயும் அப்படித்தான். கண்ணாடித் தட்டில் ஒன்றோடொன்று இடிக்கும் சாஸ் பாட்டில்கள், எவர்சில்வர் டப்பாக்கள், ஃப்ரீசரில் காலி ஐஸ் டிரே. கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் 'கிணிகிணி' என்று சில நொடி கேட்டு அடங்குகிறது என்றால் அநேகமாக இவைதான். பாத்திரங்களுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விட்டால் நின்றுவிடும். ஒற்றைக் கதவு மாடல் சிலவற்றில் அடியில் வெங்காயம் உருளைக்கிழங்கு போடும் டிராயர் ஒன்று உண்டு. அது காலியாக இருக்கும்போது தகரமாய்த் தடதடக்கும். அதை வெளியே இழுத்து வைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.

சுவரில் ஒட்டி நிறுத்தியிருந்தால் முன்னே இழுங்கள். பின்னால் நாலு விரற்கடை இடமாவது வேண்டும். ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டில் அதற்கான அளவு போட்டிருக்கும். இடம் இல்லாவிட்டால் சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். கரண்ட் பில்லும் ஏறும்.

பின்பக்கம்

ப்ளக்கைப் பிடுங்கி, ஃபிரிட்ஜை நேராக முன்னால் இழுத்து, பின்பக்கத்துக்கு டார்ச் அடியுங்கள். பழைய மாடலில் கறுப்புக் கம்பிவலை ஒன்று பின்முதுகு முழுக்க இருக்கும். புதிய மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கச்சுவர்களுக்குள் புதைத்திருப்பார்கள். அதனால்தான் அவற்றின் பக்கவாட்டுச் சுவர் தொட்டால் சுடுகிறது, அது இயல்பு.

சமையலறையில் இருக்கும் ஃபிரிட்ஜின் பின்னால் சேர்வது வெறும் தூசி இல்லை. தாளிக்கும் எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்து கெட்டிப் பிசினாக ஒட்டியிருக்கும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் தெளிக்காதீர்கள். கம்ப்ரசர் மூலையில் கரப்பான் கூடு, செத்த பல்லி, எலி இழுத்து வந்த துணிக்கந்தல் எல்லாம் இருக்கும். அங்கே எப்போதும் கதகதப்பாக இருப்பதால் வந்து சேர்கின்றன. எலி கடித்த வயர் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் துப்புரவைச் செய்தால் போதும்.

கம்ப்ரசரின் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் டிரே உட்கார்ந்திருக்கும். உள்ளே உருகும் பனி நீர் குழாய் வழியாக இதில் வந்து சேர்ந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகும். ஒரு திருகிலோ கொக்கியிலோ நிற்கும் இந்த டிரே தளர்ந்தால் கம்ப்ரசரோடு சேர்ந்து நடுங்கி 'டர்ர்ர்' என்று கத்தும். கேட்பவர்கள் கம்ப்ரசரே உடைகிறது என்று நினைப்பார்கள். கழற்றிக் கழுவி, கொக்கியில் சரியாக உட்காரவைத்தால் சத்தம் போய்விடும். கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்களில் இந்த டிரேயும் ஒன்று. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைப் பாருங்கள்.

அடுத்தது குழாய்கள். கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் செம்புக்குழாய்கள் ஒன்றையொன்றோ, தகரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் ஓடும்போது 'ட்ரிங்' என்று உலோகச் சத்தம் வரும். எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க ஒரு நீள மரக்கரண்டி போதும். ப்ளக்கை மறுபடி செருகி, ஃபிரிட்ஜ் ஓடும்போது, காய்ந்த மரக்கரண்டியின் நுனியை வயர்கள் இல்லாத இடமாகப் பார்த்துக் குழாய்மேல் லேசாக வையுங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி. அதே கரண்டியின் தலையை டிரே மேலும், கம்பிவலை மேலும், பின்பக்கத் தகரத்தின் மேலும் வைத்து, காம்பின் நுனியைக் காதோரம் வைத்தால் எது எவ்வளவு அதிர்கிறது என்று தெளிவாகக் கேட்கும். பெரிய ஒர்க்‌ஷாப்பில்கூட என்ஜின் சத்தத்தைக் கேட்க ஸ்குரூ டிரைவரை இப்படித்தான் காதில் வைப்பார்கள். ஃபிரிட்ஜுக்கு மரம்தான் வேண்டும். கையில் இரும்பு வேண்டாம்.

குற்றவாளிக் குழாயைக் கண்டுபிடித்த பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, இரண்டு குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள். குழாயை வளைத்து விலக்கப் பார்க்காதீர்கள். பற்றவைத்த இடத்தில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால், அதுவரை இல்லாத கேஸ் கசிவை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

கம்ப்ரசரின் நான்கு காலுக்கும் அடியில் ரப்பர் புஷ் இருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டு அது கட்டை மாதிரி இறுகிவிடும். அப்போது கம்ப்ரசரின் நடுக்கம் முழுதும் தகர உடம்புக்கு இறங்கி, ஃபிரிட்ஜே உறுமும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை, வெடிப்பு தெரிகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், பெரிய விலையில்லை. ஆனால் மாற்றுவதற்குக் கம்ப்ரசரைக் குழாயோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. போல்ட் தளர்ந்திருந்தால் நீங்களே இறுக்கலாம். ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

ஃப்ரீசருக்குள் உரசும் சத்தம்

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் ஃப்ரீசர் பக்கமிருந்து 'கரகர', 'டக்டக்டக்' என்று விடாமல் வருகிறதா? கதவைத் திறந்தவுடன் நிற்கிறதா? அப்படியானால் ஃபேன்தான். பல மாடல்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். கதவு ஓரத்தில் விளக்குக்கான பட்டன் இருந்தால் அதை விரலால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் உடனே திரும்பினால் சந்தேகமே வேண்டாம்.

ஃபேன் கெட்டுவிட்டது என்று அதற்குள் முடிவுகட்டாதீர்கள். ஃபேனின் இறக்கைகளில் ஐஸ் உரசுவதுதான் பெரும்பாலும் காரணம். காய்கறி, பால், மாவு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்துபோட்டு ஓர் இரவு முழுக்க விடுங்கள். எதிரே ஒரு டேபிள் ஃபேனைச் சுழலவிட்டால் சீக்கிரம் உருகும். கீழே பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டிப் போடுங்கள். பின்பக்க டிரேயும் நிரம்பி வழியும், பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரின் உள்சுவருக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளியே காய்ந்துவிட்டதே என்று மூன்று மணி நேரத்தில் மூடிவிடாதீர்கள்.

கத்தி, ஸ்குரூ டிரைவர், சப்பாத்திக் கரண்டி எதையும் ஐஸை நோண்ட எடுக்க வேண்டாம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இது இன்னும் ஆபத்து. அதன் ஃப்ரீசர் பெட்டியின் சுவரிலேயே கேஸ் ஓடும் வழி இருக்கிறது. கத்திமுனை பட்டு ஓட்டையாகி, நன்றாக இருந்த ஃபிரிட்ஜ் அன்றோடு போனது என்ற கதையை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் சொல்வார்.

உருக்கிய பிறகு சத்தம் போய், பல மாதம் திரும்பாவிட்டால் விஷயம் முடிந்தது. யாரோ கதவைச் சரியாக மூடாமல் விட்டிருக்கலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டால் சில காரணங்களைப் பாருங்கள். ஒன்று, கதவைச் சுற்றியுள்ள ரப்பர். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் பாதி வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி; வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். ஒரு சின்ன இடைவெளி போதும், அந்த ஈரம் முழுக்க உள்ளே போய்ப் பனியாகப் படியும். பல வீடுகளில் ரப்பரின் மடிப்பில் வழிந்து காய்ந்த தோசைமாவுதான் இடைஞ்சல். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவைத்து, மறுபடி ரூபாய்த் தாளை வைத்துப் பாருங்கள். ரப்பர் நெளிந்திருந்தால் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டி விரலால் நீவிவிட்டால் பழைய வடிவத்துக்கு வரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ரப்பர் நன்றாக இருந்தும் ஐஸ் திரும்பினால், பனி உருக்கும் ஹீட்டரோ, பைமெட்டலோ, டைமரோ, சென்சாரோ வேலை செய்யவில்லை. அது மெக்கானிக் வேலை. உருகிய நீர் வெளியேறும் துளை அடைத்திருந்தாலும் தண்ணீர் திரும்ப உறைந்து இதே தொல்லை வரும். காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்குவது இதற்கு அடையாளம். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் துளையில் விட்டு அடைப்பை எடுக்கலாம்.

ஐஸ் எதுவும் இல்லாமல், ஃபேனிலிருந்து 'கீச்' என்று மெல்லிய அழுகை மட்டும் வந்தால் ஃபேன் மோட்டாரின் புஷ் தேய்ந்திருக்கும். எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும், மறுபடி வரும். மோட்டாரை மாற்றிவிடுவதே உத்தமம். தள்ளிப்போட்டால் ஒருநாள் ஃபேன் நின்று, ஃப்ரீசரில் குளிர் இருந்தும் கீழறைக்கு வராமல் சாமான் எல்லாம் கெடும்.

'டக்… உம்ம்… டக்'

இந்தச் சத்தத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 'டக்' என்று ஒரு ஒலி, சில நொடி கனமான முனகல், மறுபடி 'டக்', பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து மீண்டும் அதே. கம்ப்ரசர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, சூடேறியதும் ஓவர்லோடு அதன் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இதை நாள் முழுக்க விட்டுவைத்தால் உள்ளேயிருக்கும் மோட்டாரின் சுற்று கருகிவிடும்.

கரண்ட் போய் உடனே வந்த நேரத்தில் இது ஒன்றிரண்டு முறை நிகழ்ந்து, பிறகு ஒழுங்காக ஓடினால் பயமில்லை. உள்ளே அழுத்தம் சமமாகச் சில நிமிடம் பிடிக்கும்; அதற்கு முன் கிளம்பினால் மோட்டார் திணறும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடம்போலத் தாமதித்து மின்சாரம் விடும் ஏற்பாடு இதற்காகத்தான். ஸ்டெபிலைசர் இல்லையென்றால் கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து நீங்களே சுவிட்சைப் போடுங்கள்.

மாலை நேரத்தில் மட்டும் வருகிறதென்றால் வோல்டேஜைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் இருக்க வேண்டும். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் கிராமங்களிலும், தெருமுழுக்க ஏ.சி. ஓடும் கோடை இரவுகளிலும் நன்றாக இறங்கிவிடும். டிஸ்பிளே உள்ள ஸ்டெபிலைசரில் எண் தெரியும். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று விற்கும் மாடலுக்கும் ஓர் எல்லை உண்டு; அதைக் கையேட்டில் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் இந்தச் சத்தம் விடாமல் வந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரிலேயோ ஓவர்லோடோ போயிருந்தால் சிறு செலவோடு முடியும். வந்தவர் அவற்றை மாற்றிப் பார்க்காமலேயே கம்ப்ரசர் போச்சு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபிரிட்ஜிலிருந்தே வராத சத்தங்களும் உண்டு. டக், டக் என்று அடிக்கடி கேட்பது ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலேயாக இருக்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அது மாறிக்கொள்ளும். கரண்ட் இல்லாத நேரத்தில், வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் கூடினால், அந்த இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். மோட்டார் ஓட்ட அது ஏற்றதில்லை. ஃபிரிட்ஜை அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். ப்ளக் பாயின்டிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தால், ப்ளக் சூடாக இருந்தால், கருகிய வாசனை அடித்தால், மெயினை அணைத்துவிட்டு அந்த சாக்கெட்டை மாற்றும்வரை பயன்படுத்த வேண்டாம்.

மெக்கானிக் வரும்போது

இவ்வளவும் பார்த்த பிறகும் கம்ப்ரசருக்குள்ளிருந்தே 'டொக் டொக்' என்று இரும்பு இடிப்பதுபோலத் தொடர்ந்து சத்தம் வந்தால், உள்ளே ஸ்பிரிங்கோ வேறு பாகமோ விட்டுவிட்டது. அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. ஃபிரிட்ஜை வீடு மாற்றிக் கொண்டுவந்த பிறகு இது ஆரம்பித்திருந்தால், படுக்கவைத்து ஏற்றிவந்தார்களா என்று விசாரியுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்த ஃபிரிட்ஜைச் சில மணி நேரம் நிமிர்த்தி நிறுத்திய பிறகே ஓட்ட வேண்டும். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும்.

சத்தத்தை செல்போனில் பதிவு செய்து வையுங்கள். ஆள் வந்து நிற்கும்போது ஃபிரிட்ஜ் சாதுவாகிவிடும். எப்போது வருகிறது, எதைத் தொட்டால் நிற்கிறது, நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவரிடம் வேலை ஒழுங்காக நடக்கும்.

கேஸ் போட வேண்டும் என்று அவர் சொன்னால், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். கசிவை அடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாயிலிருக்கும் காற்றை வேக்குவம் பம்ப்பால் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஏற்றும் கேஸ் சில மாதத்தில் அதே ஓட்டை வழியாகப் போய்விடும். கம்ப்ரசரின் ஸ்டிக்கரையும் பாருங்கள். ஆர்600ஏ என்று எழுதி, மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அளவு குறைவுதான், சில பத்து கிராம். ஆனாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் பூஜை விளக்கும் எரியாத நேரத்தில், அந்தக் கேஸில் வேலை செய்து பழகியவர் மட்டுமே அதில் கைவைக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் ஃபிரிட்ஜுக்கு ஓராண்டு வாரண்டி கொடுத்தாலும் கம்ப்ரசருக்கு மட்டும் 10 ஆண்டு கொடுக்கின்றன. வெளியாள் ஒருமுறை திறந்துவிட்டால் அந்த வாரண்டி செல்லாது என்பார்கள். ஆகவே தெருமுனைக் கடைக்கு போன் செய்வதற்கு முன், பீரோவில் இருக்கும் பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுத்து, வாங்கிய தேதியைப் பாருங்கள்.